இடுப்பு வலிக்கு எங்கே போவது? அரசு ஆஸ்பத்திரியா, தனியார் ஆஸ்பத்திரியா?

நம் தொழிலில் இடுப்பு வலி இல்லாதவரைக் காண்பது அரிது. காலை ஐந்து மணிக்கு மார்க்கெட்டில் நின்று, எட்டு மணிக்குக் கடை திறந்து, லாரி வந்தால் மூட்டைக்குத் தோள் கொடுத்து, இரவு பத்து மணி வரை கல்லாவில் குந்தியிருக்கும் வாழ்க்கை நம்முடையது. முதலில் தைலம் தேய்க்கிறோம். அப்புறம் மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போடுகிறோம். ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் போகும்போதுதான், "பெரியாஸ்பத்திரிக்குப் போவதா, தனியாருக்குப் போவதா?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. அந்த நேரத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வலியில் துடிப்பவர் கடைசியாக யார் சொன்னாரோ அவர் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேருவார்.

எங்கள் கடையில் ஒரே ஆண்டில் இரண்டு பேருக்கு இடுப்பு வலி வந்தது. ஒருவர் முதலாளி, இன்னொருவர் தொழிலாளி. இரண்டு வலியும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஆனால் இரண்டும் வேறு வேறு. அதைக் கண்டுகொள்ளாமல் நாங்கள் செய்த தவறுகள் மற்ற வணிகர்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அண்ணனுக்கு வந்த வலி

நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து மளிகைக் கடை நடத்துகிறோம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு சீனி லோடு வந்தது. சுமை இறக்கும் ஆட்கள் வர நேரமானதால் அண்ணன் தாமே நான்கு மூட்டைகளை இறக்கினார். ஐந்தாவது மூட்டையைக் குனிந்து தூக்கியபோது இடுப்பில் 'சுரீர்' என்றது. மூன்றாம் நாள் வலி இடது தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கிவிட்டது.

உடனே தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். குளிர்சாதன அறை, அன்பான பேச்சு, காத்திருப்பு இல்லை. அன்றே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். "டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது, இந்த வாரமே செய்யலாம்" என்றார்கள். செலவு இரண்டரை லட்ச ரூபாய் ஆகும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். எங்களிடம் மெடிகிளெய்ம் பாலிசி இருந்தது. ஆனால் எடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. டிஸ்க் சம்பந்தமான சிகிச்சைக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று பாலிசியில் இருந்ததை அன்றைக்குத்தான் படித்துப் பார்த்தோம். ஆக, தீபாவளிச் சரக்குக்கு மண்டியில் கட்ட வைத்திருந்த பணத்தைத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பணம் போனால் சீசன் வியாபாரம் போய்விடும். பணத்தைப் பார்த்து அண்ணனின் கால் போய்விட்டால் என்ன செய்வது? அன்றிரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றோம். எலும்பு மருத்துவப் பிரிவில் டாக்டரைப் பார்க்கப் பதினோரு மணி ஆகிவிட்டது. உட்கார இடமில்லை. அண்ணன் தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தார். டாக்டர் பார்த்தது பத்து நிமிடம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் ஸ்கேனைக் கையில் வாங்கும் முன் ஆளைப் பார்த்தார். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார். கட்டை விரலை மேலே தூக்கச் சொல்லித் தம் விரலால் அழுத்திப் பார்த்தார். சிறுநீர், மலம் சரியாகப் போகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று கேட்டார். "காலில் பலம் இருக்கிறது ஐயா. ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். பலம் குறைந்தால் அன்றைக்கே வாருங்கள்" என்று சொல்லி மாத்திரையும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி காலை நேரத்தில்தான். கடை வேலைக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. ஆகவே கடைக்கு அருகில் உள்ள தனியார் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் மாலை வேளையில் பத்து நாள் போய்ப் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு, பிறகு அண்ணன் வீட்டிலேயே செய்தார். ஏழாவது வாரம் கால் வலி பெரும்பாலும் இறங்கியது. பொங்கலுக்குக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். இன்றும் நெடுநேரம் உட்கார்ந்தால் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கத்தி வைக்கவில்லை, கடனும் வாங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு "அரசு டாக்டர் நல்லவர், தனியார் டாக்டர் ஏமாற்றுக்காரர்" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆபரேஷன் செய்திருந்தாலும் அண்ணனுக்குக் குணமாகித்தான் இருக்கும், வலியும் சீக்கிரமே குறைந்திருக்கும். இது குறித்து நெதர்லாந்தில் 283 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. கால் வரை இறங்கிய கடும் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இருந்தவர்கள் அவர்கள். ஒரு பிரிவினருக்கு உடனே ஆபரேஷன், மறு பிரிவினருக்குப் பொறுத்திருந்து பார்ப்பது என்று முறை வைத்தார்கள். முதல் பிரிவினருக்கு வலி விரைவில் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமடைந்திருந்தார்கள். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடைசியில் ஆபரேஷன் தேவைப்பட்டது, மற்றவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே இது வலியின் அளவு, வேலையின் அவசரம், கையிருப்பு ஆகியவற்றைப் பார்த்து நோயாளி எடுக்க வேண்டிய முடிவு. அப்படி முடிவெடுக்க இடமிருக்கிறது என்பதை முதல் நாள் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதுதான் எங்கள் குறை.

ஸ்கேன் காகிதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'எல்.4, எல்.5 டிஸ்க் பிதுக்கம்', 'தேய்மானம்' என்று எழுதியிருந்தால் நமக்குக் கை கால் நடுங்கிவிடுகிறது. இங்கே ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1994-ல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்குகளும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர்தான். 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலி இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருப்பது தெரிந்தது. தலை நரைப்பதுபோல வயதானால் டிஸ்க்கும் தேய்கிறது. ரிப்போர்ட்டில் காண்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது.

ஆகவேதான் ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத சாதாரண இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரத்தில் ஸ்கேன் தேவையில்லை என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட நடைமுறையாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. இடுப்பு வலிகளில் சுமார் 90 சதவீதம், இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்ட முடியாத சாதாரண வகையைச் சேர்ந்தவை. புதிதாக வந்த வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். கட்டிலில் படுத்தே கிடப்பது நல்லதன்று. ஓரிரு நாள் ஓய்வு போதும். தாங்கக்கூடிய அளவுக்கு நடமாடினால்தான் சீக்கிரம் சரியாகும்.

தொழிலாளிக்கு வந்த வலி

இனி, சொல்லவே கூச்சமாக இருக்கும் கதை.

எங்கள் கடையில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவர் ஒருவர். மூட்டை தூக்குவது, பொட்டலம் போடுவது எல்லாம் அவர்தான். அதே ஆண்டு மாசி மாதம் முதல், "அண்ணாச்சி, முதுகு வலிக்குது, ராத்திரி தூங்க முடியல" என்று சொல்லத் தொடங்கினார். தைலம் கொடுத்தோம். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்ளப் பணம் கொடுத்தோம். ஊசி போட்டால் இரண்டு நாள் தாங்கும், பிறகு பழையபடி வலிக்கும். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. லீவு அதிகமானது. "லோடு வருகிற நாளில் மட்டும் வலி வந்துவிடுகிறது" என்று நாங்களே அவர் காது கேட்கப் பேசினோம். இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது.

ஒருநாள் அவர் சட்டை தோளில் தொங்குவதை அண்ணன் கவனித்தார். ஆள் இளைத்திருந்தார். சாயங்காலம் ஆனால் உடம்பு சுடுகிறது என்றார். அரசு மருத்துவமனை டாக்டர் தம்மிடம் கேட்ட கேள்விகள் அண்ணனுக்கு அப்போது நினைவுக்கு வந்தன. மறுநாளே அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி மூலம் சதை எடுத்துச் சோதித்தார்கள். முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. கால் பலம் குறையத் தொடங்கியிருந்தது. "இன்னும் தாமதித்திருந்தால் நடக்க முடியாமல் போயிருக்கலாம்" என்றார் டாக்டர்.

காசநோய் என்றால் இருமல் மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். அது எலும்பிலும் வரும். நம் நாட்டில் முதுகு வலி என்றால் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எலும்புக் காசநோய்க்கு ஓராண்டுக்குக் குறையாமல் மருந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென்று மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தி வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எங்கள் தொழிலாளி ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இப்போது அவருக்கு உட்கார்ந்து எடை போடும் வேலை மட்டுமே கொடுக்கிறோம்.

முதலில் வலியை இனம் பிரிப்போம்

நாம் பருப்பு வாங்கும்போது கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தா வாங்குகிறோம்? கையில் அள்ளிப் பார்த்து, தரம் பிரித்து, பிறகுதானே எந்த மண்டியில் என்ன விலைக்கு என்று பேசுகிறோம். இடுப்பு வலியிலும் அதே முறைதான். அரசா, தனியாரா என்ற கேள்வி இரண்டாவது. இது எந்த வகை வலி என்பதுதான் முதல் கேள்வி.

முதல் வகை, உடனே ஓட வேண்டியது. சிறுநீர் அடைத்துக்கொள்வது, அல்லது சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரு கால்களிலும் பலம் குறைவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது, கீழே விழுந்து அடிபட்டு வந்த கடும் வலி ஆகியவை இந்த வகை. இதில் மணிக்கணக்கு முக்கியம். இரவானாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. எது அருகில் இருக்கிறதோ, எங்கே முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்யும் வசதி இருக்கிறதோ, அங்கே போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு இரவு பகலாகத் திறந்திருக்கும். ஓ.பி. வரிசை அங்கே கிடையாது. 108-ஐ அழைத்தால் வண்டி வரும்.

இரண்டாம் வகை, சில நாட்களுக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டியது. காய்ச்சலோடு வலி, எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் வலி, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு வரும் வலி, வயது முதிர்ந்தவருக்குத் திடீரென்று வரும் வலி ஆகியவை இதில் சேரும். இதற்குப் பல பரிசோதனைகளும் பல துறை டாக்டர்களும் தேவைப்படலாம். பெரிய அரசு மருத்துவமனையில் இவை எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது வசதி.

மூன்றாம் வகை, மேலே சொன்ன எதுவும் இல்லாத சாதாரண வலி. நம்மில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இதுதான். இதற்கு அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையமோ, நம் குடும்ப டாக்டரோ போதும். பெரிய ஆஸ்பத்திரி எதுவும் முதல் நாளே தேவையில்லை.

அரசு மருத்துவமனையில் கிடைப்பது என்ன?

'தர்மாஸ்பத்திரி' என்று ஒதுக்கிய காலம் மலையேறிவிட்டது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கி வைக்கப்பட்டன. விருதுநகர், திண்டுக்கல், நாமக்கல், திருப்பூர், இராமநாதபுரம், அரியலூர் போன்ற வணிக ஊர்களும் அவற்றில் அடங்கும். முன்பு எலும்பு, நரம்புச் சிகிச்சைக்கு மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் பஸ் ஏறியவர்கள் இன்று சொந்த மாவட்டத்திலேயே பார்க்க முடிகிறது. சென்னையில் ஓமந்தூரார் வளாகத்தில் 2014-லும் கிண்டியில் 2023-லும் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனைகள் திறக்கப்பட்டன.

டாக்டரைப் பார்ப்பதும் மருந்தும் இலவசம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வெளியே வாங்குவதைவிட மிகக் குறைந்த கட்டணம்தான். ஆபரேஷன் செய்வதால் மருத்துவமனைக்கு லாபம் இல்லை, செய்யாததால் நஷ்டமும் இல்லை. ஆகவே இரண்டாவது கருத்துக் கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது எங்கள் அனுபவம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டது. ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைப் பற்றி விசாரிக்கலாம்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. கூட்டம் அதிகம். ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்ப்பது கடினம். அவசரமில்லாத ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்க நாளாகும். ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவருக்கு அரை நாள் கடை அடைப்பதும் ஒரு செலவுதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தனியாரிடம் போவதானால்

காத்திருக்க வேண்டாம், மாலையிலும் பார்க்கலாம், டாக்டரிடம் நிதானமாகப் பேசலாம், ஆபரேஷன் தேவை என்று உறுதியானால் நாமே நாள் குறிக்கலாம். இவை பெரிய வசதிகள். பணம் கொடுத்து வாங்கத் தக்கவையும்கூட. ஆனால் விலை கேட்காமல் சரக்கு எடுக்காத நாம், ஆஸ்பத்திரியில் மட்டும் வாய் மூடி நிற்பது ஏன்? ஆபரேஷன் என்று சொன்னால் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வோம்.

1. இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஆறு வாரம் பொறுக்கலாமா?

2. காலில் பலம் குறைந்திருக்கிறதா, அல்லது வலி மட்டும்தானா?

3. ஸ்கேனில் தெரியும் பிதுக்கமும் வலி வரும் இடமும் ஒத்துப்போகின்றனவா?

4. டிஸ்க்கை மட்டும் சரி செய்யும் ஆபரேஷனா, திருகாணி வைத்து எலும்பைச் சேர்ப்பதா? சேர்ப்பது என்றால் எதற்காக?

5. மொத்தச் செலவு எவ்வளவு? அறை வாடகை, திருகாணி, மருந்து, பிசியோதெரபி எல்லாம் அதில் அடக்கமா?

நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் கையோடு வாங்கிக்கொண்டால் வேறு இடத்தில் மறுபடி எடுக்க வேண்டியிராது. முதல் வகை அவசரம் இல்லாதபோது இரண்டாவது டாக்டரைப் பார்க்காமல் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பாலிசியைப் படித்தீர்களா?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. இதுவரை எடுக்காதவர்கள் எடுக்க இது ஒரு காரணம். ஆனால் டிஸ்க் பிதுக்கம் போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் இத்தகைய காத்திருப்பு 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தது. வலி வந்த பிறகு பாலிசி எடுப்பது, தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுவது போலத்தான்.

ஸ்கேன் எடுக்கவும் ஓய்வெடுக்கவும் மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பொதுவாகப் பணம் வராது. பாலிசியில் சொன்னதைவிட வாடகை கூடிய அறையில் தங்கினால், அறை வாடகையோடு டாக்டர் கட்டணம் முதலிய மற்றவற்றிலும் விகிதாசாரப்படி பிடித்துக்கொள்ளும் பாலிசிகள் உண்டு. இன்றைக்கே பாலிசியை எடுத்து இந்த மூன்றையும் சிவப்பு மையில் கோடிட்டு வையுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2022 ஜனவரியில் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டவர்கள் அதில் சேரலாம். அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் அட்டை செல்லும். நம்மில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் பலருக்கும், நம் கடைத் தொழிலாளர் பலருக்கும் இதற்குத் தகுதி உண்டு. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். நோய் வந்த பிறகு ஓடாமல் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாயாக உயர்ந்தது. 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். இதைச் செலவு என்று பார்த்துப் பெயர் சேர்க்காமல் விடுபவர்கள் நம்மில் உண்டு. தகுதியுள்ள தொழிலாளி இடுப்பு பிடித்துப் படுத்தால் சிகிச்சையோடு, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் அங்கே கிடைக்கும். பெயர் சேர்க்காவிட்டால் அந்தப் பாரம் நம் கல்லாவில்தான் விழும். அதைவிட, நம் மனச்சாட்சியில் விழும்.

கடைக்குள் செய்ய வேண்டியவை

2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பேக் செய்த அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்தபோது, 26 கிலோ சிப்பம் பிறந்த கதை நமக்கெல்லாம் தெரியும். வரிக்காக ஒரு கிலோ கூட்டத் தெரிந்த நாம், முதுகுக்காக எடை குறைக்கவும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஆண் தொழிலாளி தனியாகத் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அதுவே அதிகம்தான். ஐம்பது கிலோ மூட்டைக்கு இரண்டு பேர் அல்லது ஒரு தள்ளுவண்டி என்று கடையில் விதி வைத்துவிட்டோம். கனமான சரக்கு இடுப்பு உயரப் பலகையில், இலேசான சரக்கு மேல் தட்டில் என்று அடுக்கையும் மாற்றினோம்.

நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. கேரளம் 2018-ல் செய்ததைப் பின்பற்றி வந்த சட்டம் இது. சட்டத்துக்குப் பயந்து ஒரு ஸ்டூல் போடாமல், ஆளுக்கு ஒன்று போடுவோம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடப்பது நல்லது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வலி மாத்திரையும் ஊசியும் நாமே கேட்டு வாங்கிப் போட வேண்டாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அவை ஆபத்து. காய்ச்சலோ, எடை குறைதலோ, கால் மரப்போ உள்ள வலிக்குச் சுளுக்கு எடுப்பவரிடம் போய் முதுகை மிதிக்கக் கொடுப்பது அதைவிட ஆபத்து.

வணிகப் பெருமக்களே! அரசு ஆஸ்பத்திரி என்று கேவலமாகவும் நினைக்க வேண்டாம், தனியார் என்றால் கொள்ளை என்றும் பேச வேண்டாம். வலியை இனம் பிரித்து, கேள்வி கேட்டு, பாலிசியைப் படித்து, இரண்டு இடத்திலும் கிடைக்கும் நல்லதை எடுத்துக்கொள்வோம். எங்கள் அண்ணன் அரசு டாக்டரின் சொல்லையும் தனியாரின் பயிற்சியையும் சேர்த்துத்தான் எழுந்து நின்றார். அதற்கும் மேலாக, நம் கடையில் வேலை செய்பவர் "முதுகு வலிக்கிறது" என்று சொன்னால், வேலைக்குச் சாக்கு என்று எண்ணாமல் காது கொடுத்துக் கேட்போம். கேட்கத் தாமதித்ததால் ஒரு மனிதரின் கால்களை இழக்கப் பார்த்தோம் நாங்கள். அந்த நிலை வேறு எந்தக் கடைக்கும் வரக்கூடாது.